தமிழ் வாசிக்கப் பழக்குவது: எழுத்திலிருந்தா, சொல்லிலிருந்தா?

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 9

மகன் இரண்டாம் வகுப்பு. 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். 'படம்' என்று எழுதிக் காட்டினால் "ப, ட, இம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். பள்ளியில் ஆங்கிலத்துக்கு எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கிற ஃபோனிக்ஸ், தமிழுக்கு ஒப்பித்தல். வாட்ஸாப் குழுவில் ஒருவர், எழுத்தே வேண்டாம், சொல்லட்டை காட்டினால் போதும், உலகம் முழுக்க அப்படித்தான் என்கிறார். இன்னொருவர் திண்ணைப் பள்ளி முறைக்கு ஈடில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஜூலை 9, இரவு

"உலகம் முழுக்க" என்று யாராவது ஆரம்பித்தால் எந்த ஊர் என்று கேளுங்கள். சொல்லை முழுசாகப் பார்த்து மனதில் பதிப்பதா, எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து வாசிப்பதா என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளின் பழைய சண்டை. அதில் சொல்லட்டைக் கட்சி எப்போதோ பின்வாங்கிவிட்டது. 1967-இல் அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் ஜீன் சால் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஆரம்பத்தில் ஒலி வழிதான் பலன் தருகிறது என்று எழுதினார். 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் அதே பக்கம்தான் சாய்ந்தது. 2006-இல் வாசிப்பு கற்பிப்பது பற்றிய ரோஸ் அறிக்கை வந்தபின் இங்கிலாந்துப் பள்ளிகள் ஒலி வழிக்கே திரும்பின.

அந்தச் சண்டையை நம் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வரவேண்டிய அவசியம் இல்லை. ஜி-ஓ 'கோ' என்றால் டி-ஓ ஏன் 'டூ' என்று கேட்கிற குழந்தைக்கு ஆங்கிலத்தில் பதில் கிடையாது. அதனால்தான் அங்கே 'சொல்லாகவே பார்த்துக்கொள்' என்ற வாதத்துக்கு இடம் கிடைத்தது. தமிழில் 'கோ'வில் இருக்கிற ஓ எங்கே வந்தாலும் ஓ. உங்கள் பையனின் சிக்கல் அந்த 'இம்'மில் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 10

நான் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதிக் காலம் விருத்தாசலம் பக்கத்தில் ஈராசிரியர் பள்ளி. 'இம்' அங்கே தினமும் கேட்ட சத்தம்.

புள்ளி எழுத்தை முன்னால் ஒரு இகரம் போடாமல் நம்மால் சொல்ல முடிவதில்லை. இக், இங், இச், இட். பேருக்கு அது சரி. ஆனால் குழந்தை அந்தப் பேரையே ஒலி என்று நம்பிச் சேர்க்கிறது. ப, ட, இம் சேர்த்தால் நேர்மையாக என்ன வரும்? 'படயிம்'. அப்படி ஒரு சொல்லை அது கேட்டதே இல்லை. அதனால்தான் உங்கள் முகத்தைப் பார்க்கிறது. பழைய ஆட்களின் ஆனா, ஆவன்னா, கானா, காவன்னா இன்னும் மோசம். 'கானா, லானா' என்றால் 'கல' என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்?

நான் செய்தது: ம், ன், ல், ர், ழ் மாதிரி இழுக்க வருகிற ஒலிகளை முதலில் எடுப்பேன். உதட்டை மூடி "ம்ம்ம்" என்று முனகச் சொல்வேன். வகுப்பே மாட்டுக் கொட்டகை ஆகிவிடும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பிறகு ப, ட, மூடின உதடு. படம் வந்துவிடும். க், ட், ப் இழுக்க வராது, தனியாகச் சொல்லவும் வராது. அவற்றைத் தனியாகச் சொல்லித்தரவே கூடாது. முன்னால் ஒரு எழுத்தோடு ஒட்டியே: அட், பட், மட், கட். 'பட்' தெரிந்த குழந்தைக்குப் 'பட்டம்' சும்மா வரும்.

ஜூலை 10, மாலை

'247 எழுத்து' என்று மிரட்டாதீர்கள் என்று ஒருவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். சரிதான். உயிர் 12, மெய் 18, ஆக முதலெழுத்து 30. மீதி 216 கூட்டு. "ஆய்தத்தை விட்டுவிட்டீர்களே" என்று அடுத்த செய்தி வருவதற்கு முன்: ஆய்தம் சார்பெழுத்து, எஃகு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். 'இங்ஙனம்' என்று விண்ணப்பத்தின் அடியில் எழுத ங வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஙௌ எதற்கு? எந்தச் சொல்லிலும் வராத எழுத்தை ஆறு வயதில் ஒப்பிக்க வைக்கிறோம்.

ஜூலை 13

வரிசை. அ, ஆ, இ, ஈ என்று தொடங்கினால் எழுதக் கஷ்டமான சுழியும் வளைவும் முதல் வாரமே வந்துவிடும். கை பழகாத பிள்ளை 'இ' போடப் படும் பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சுழியைத் தொடங்கி, எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி நத்தை ஒன்று வரைந்து வைத்திருக்கும். அவ்வளவு உழைத்தும் அந்த நான்கு எழுத்தில் வாசிக்க என்ன கிடைக்கிறது? ஆ, ஈ. மாடும் கொசுறுக்கு ஒரு பூச்சியும்.

ட, ப, ம என்று தொடங்கிப் பாருங்கள். நேர்கோடுதான் அதிகம். மூன்றுக்கும் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம். ஒரு கால் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. முதல் மாதத்திலேயே 'நான் வாசிச்சேன்' என்று வீட்டில் போய்ச் சொல்ல ஏதோ இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். வாசித்தால் அர்த்தம் வரும் என்று குழந்தைக்கு முதலிலேயே தெரிந்துவிட வேண்டும். எழுத்தெல்லாம் முடியட்டும், அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம் என்று ஒன்றரை வருஷம் காக்க வைத்தால் அதற்குள் பிள்ளை வாசிப்பு என்றால் ஒப்பிப்பது என்று முடிவு கட்டிவிடும்.

ஜூலை 14

"அப்படியானால் செயல்வழிக் கற்றல் அட்டைகளைத்தானே ஆதரிக்கிறீர்கள்?"

பாதி. புதியவர்களுக்கு: 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது அது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று செய்தார். மூல யோசனை ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளிலிருந்து வந்தது. 2007-08-இல் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்குப் போனது. அட்டைக்கு ஒரு படம், எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று படிப்படியாகக் காட்டும் 'ஏணி' சுவரில், தரையோரம் தாழ்ந்த கரும்பலகை. பிள்ளை தானே அடுத்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்காரும். ஒரு வாரம் லீவு போட்ட பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நடவு சீசனில் வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும்.

பிடிக்காதது: கொஞ்ச நாளில் அட்டையை முடிப்பதே வேலையாகிவிட்டது. ஆய்வுக்கு வருகிறவர் "எத்தனாவது ஏணிப்படி" என்று கேட்பார், "இதை வாசி" என்று கேட்கமாட்டார். அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிய பிள்ளைகள் நிறைய. படத்தைக் கையால் மறைத்தால் பேச்சு நின்றுவிடும்.

இப்போது நடக்கிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிப்பது நல்ல காரியம். அதற்குள் இருந்து வேலை செய்தவள் இல்லை, அதனால் இதற்கு மேல் பேசமாட்டேன். எங்கள் தெருவில் பாடம் எடுக்கிற பெண் செயலியில் பதிவேற்றவே நேரம் போகிறது என்று புலம்புகிறாள்.

ஜூலை 21

கால் (கா), கொம்பு (கெ), விலங்கு (கி, கீ) பற்றிக் கேட்டவருக்கு.

கால் சுலபம். மேல்விலங்கும் சுலபம், 'டி, டீ' மட்டும் கொஞ்சம் முரண்டும். தகராறு இரண்டு இடத்தில்.

முதலாவது, கொம்பு. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும். கண் இடமிருந்து வலம் போகும்போது கொம்பைப் பார்த்ததும் ஒரு நொடி பொறுத்து அடுத்த எழுத்தோடு சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. 'பொம்மை'யைப் 'பெ... ஆ... ம்மை' என்று வாசித்த பெண் குழந்தையைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அவள் பார்த்ததைப் பார்த்த வரிசையில்தான் சொன்னாள். கொம்பும் எழுத்தும் காலும் சேர்த்து ஒரே அட்டையாக வெட்டிக் கொடுத்தபிறகு சரியானது. கௌ இன்னும் வம்பு. 'கௌதாரி'யைக் 'கெ-ள-தாரி' என்று வாசிக்காத பிள்ளை அபூர்வம். அதைத் திட்டுகிற பெரியவர்கள் கணினியில் 'கௌ'வுக்குக் 'கெள' தட்டுகிறார்கள்!

இரண்டாவது, உகர வரிசை. இதற்கு ஒரே அடையாளம் இல்லை, பதினெட்டுக்கும் தனித்தனி உருவம் என்று பயமுறுத்துவார்கள். மூன்று கூட்டம்தான். ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்குவது. கு, டு, மு, ரு, ழு, ளு வளைத்துச் சுற்றுவது. ஞு, ணு, து, நு, லு, று, னு காலை நீட்டி மேலே தூக்குவது. கூட்டமாகக் கொடுத்தால் வாரக்கணக்கு, வரிசையாகக் கொடுத்தால் மாதக்கணக்கு. ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் எங்கேயும் சேராது. அவற்றைக் கூடை, சூடம் என்று சொல்லாகவே கொடுத்துவிடுங்கள். பார்த்தீர்களா, சொல்லட்டைக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்திராவிட்டால் ணை, லை, ளை, னை, றா, னா எல்லாம் இதே போலத் தனி உருவமாகவே நீடித்திருக்கும். நான் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு வைத்த பழைய 'லை'யில்தான் படித்தேன். பாதியில் மாற்றினார்கள். அம்மாவுக்குக் கடைசிவரை புது 'லை' பிடிக்கவில்லை.

ஜூலை 22

ஒப்பித்தலை ஒரேயடியாக ஏசிவிட்டதாக ஒரு தமிழாசிரியர் கோபித்திருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். க, கா, கி, கீ என்று ஒரு வரிசையை ராகம் போட்டுச் சொல்வதில் லாபம் இருக்கிறது. அடையாளம் மாறினால் உயிர் மாறுகிறது, மெய் அப்படியே இருக்கிறது என்று காதுக்குத் தெரிகிறது. க வரிசை வந்தால் த வரிசையைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். அகராதி புரட்டவும் வேண்டும். ஆக, சில வரிசைகள், வாசித்துக்கொண்டே, நடுவில். வாசிப்பதற்கு நுழைவுக் கட்டணமாக அல்ல.

இன்னொன்று. கன்னடக் குழந்தைகள் எழுத்து கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், அது முதலிரண்டு வகுப்போடு முடிவதில்லை, நான்காம் வகுப்புவரை நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். கன்னடத்தில் ஒற்றுகள் ஒன்றன் கீழ் ஒன்று தொங்கும். நமக்குப் புள்ளி இருப்பதால் அந்தச் சுமை இல்லை. இருந்தும், இருபத்தாறு எழுத்துக்காரர்களின் அட்டவணையை வைத்துக்கொண்டு "ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாம் வந்துவிட வேண்டும்" என்று துடிப்பது அநியாயம்.

ஆகஸ்ட் 3

இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கிறார்கள். 40 சொல், அதில் 20 பொய்ச்சொல். அர்த்தமே இல்லாத சொல்லை வாசிக்க முடிந்தால்தான் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறது என்று அர்த்தம். சிரிப்பாக இருக்கும், ஆனால் உபயோகமான தந்திரம்.

எதிர்வீட்டுப் பையனிடம் செய்தேன். மூன்றாம் வகுப்பு, பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பான். ஒரு தாளில் 'கடலி' என்று எழுதினேன். "கடலை" என்றான். "நல்லாப் பாரு." பார்த்தான். "கடலை மிட்டாய்." 'மழுகி' என்று எழுதினேன். கொஞ்சம் முழித்துவிட்டு "மழை" என்றான். இந்தப் பையன் பாடத்தைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்து, முதலெழுத்தை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். வகுப்பில் அவன் முதல் மூன்று ராங்குக்குள்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: உங்கள் பையன் 'ப, ட, இம்' என்று திணறுவது இதைவிட நல்ல இடம். அவன் எழுத்தைப் பார்க்கிறான்.

ஆகஸ்ட் 4

மேலே உள்ளதை வைத்துக்கொண்டு, மாற்றி வாசிக்கிற பிள்ளையை எல்லாம் பிடித்து அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். இதையும் பாருங்கள்.

புத்தகத்தில் 'குரங்கு மரத்தில் ஏறியது.' பிள்ளை வாசிப்பது: "குரங்கு மரத்துல ஏறுச்சு." நிறைய பேர் உடனே நிறுத்தி, "மரத்தில்! ஏறியது! மறுபடி வாசி" என்பார்கள். கடலையும் இதுவும் ஒரே தப்பு இல்லை. கடலைக்காரன் எழுத்தையும் விட்டான், அர்த்தத்தையும் விட்டான். குரங்குக்காரி எழுத்தை வாசித்து, அர்த்தத்தை எடுத்து, அவள் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லிவிட்டாள். இதைவிட நல்ல வாசிப்பு எங்கே இருக்கிறது?

தமிழ் வாசிக்கப் பழக்குவதில் எழுத்தைவிடப் பெரிய பள்ளம் இதுதான், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பேசுகிற தமிழும் புத்தகத் தமிழும் வேறு. 'வந்துச்சு' என்று பேசுகிற பிள்ளைக்கு 'வந்தது' பாதி அன்னியம். 'இருந்தனர்', 'கூறினார்', 'அவற்றை' முழு அன்னியம். எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்துவிட்டு, கூட்டி வந்த ஒலிக்குத் தன் தலையில் சொல் இல்லாமல் நிற்கும். நாம் 'எழுத்து வரவில்லை' என்று மறுபடி அ, ஆவுக்கு அனுப்புவோம்.

மருந்து ஒன்றுதான்: வாசிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே புத்தகத் தமிழைக் காதில் போடுவது. தினம் ஒரு கதை, புத்தகத்தில் இருக்கிறபடியே வாசித்துக் காட்டுவது. பேச்சில் சொல்கிற கதையும் வேண்டும், அது தனி. தூர்தர்ஷன் காலத்துச் செய்தி வாசிப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு 'தெரிவித்தார்' எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 4, இரவு

"அப்படியானால் பேச்சுத் தமிழிலேயே முதல் புத்தகம் போடலாமே?" எந்த ஊர்ப் பேச்சு? எங்கள் பக்கம் 'வந்துச்சு', கன்னியாகுமரியில் வேறு, சென்னையில் வேறு. உரையாடல் வரிகளைப் பேச்சிலும் கதை வரிகளை எழுத்திலும் போட்ட சிறுவர் புத்தகங்கள் வருகின்றன. அந்தக் கலவை நன்றாக வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 18

நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு. ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டத்தில் இரண்டாம் வகுப்புக்கு 45 முதல் 60 சொல் என்று இருக்கிறது. 'வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஏழெட்டு. கடிகாரம் வைத்து எண்ணுகிறவர் எதை எண்ணுகிறார்? ஒரே பத்தியைச் சந்தி பிரித்து அச்சடித்தால் பிள்ளையின் வேகம் ஒரே நாளில் கூடிவிடும்! சின்னப் புத்தகங்களில் சொல்லைப் பிரித்துப் போடுங்கள் என்று நான் சொல்வதும் அதற்காகத்தான். 'கொண்டிருந்தான்' தனியாக நிற்கட்டும். இலக்கணக்காரர்கள் மன்னிக்கட்டும்.

ஸ்டாப்வாட்சை எடுத்தால் பிள்ளை அர்த்தத்தை விட்டுவிட்டு ஓடும். வாசித்து முடித்ததும் "குரங்கு ஏன் ஏறுச்சு?" என்று கேளுங்கள். பதில் வந்தால் வேகம் போதும்.

அக்டோபர் 13

நேற்று விஜயதசமி. அரிசியில் 'அ' எழுதிய படங்களாகக் கைபேசி நிறைந்துவிட்டது. திண்ணைப் பள்ளிக் கட்சிக்கு இன்று ஒரு சலுகை.

மணலில் விரலால் எழுதுவது நம் பழைய முறை. தவறினால் கையால் அழித்துவிடலாம், ரப்பர் தேய்த்துத் தாள் கிழியாது, விரல் நேராக உருவத்தைத் தொடுகிறது. சென்னை எழும்பூரில் 1789 முதல் அனாதை ஆண்பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் வைத்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற நம் சட்டாம்பிள்ளை முறையையும் வைத்து, 1797-இல் இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டார். அதற்கு அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பேர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது.

சலுகை அவ்வளவுதான். அந்தத் திண்ணையில் யாரை உட்காரவிட்டார்கள், யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த முறையைப் புகழ வேண்டும்.

அக்டோபர் 14

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர்: "எங்கட ஊரில முதல் வகுப்பை அரிவரி எண்டுதான் சொல்லுவம், ஏடு தொடக்கின பிறகுதான் பள்ளிக்கூடம்." அழகு. நன்றி.

நவம்பர் 2

திருப்பூரிலிருந்து ஒரு ஆசிரியர். வகுப்பில் பாதிப் பேர் இந்தி, ஒடியா பேசுகிற வீட்டுப் பிள்ளைகள். 'தம்பி'யைத் 'தம்ப்பி' என்றும் 'பகல்'லைப் 'பக்கல்' என்றும் வாசிக்கிறார்களாம். இங்கே ஃபோனிக்ஸ்காரர்களின் 'ஒரு எழுத்து, ஒரு ஒலி' உதவாது. தமிழ்ப் பிள்ளைக்கு க-வை எங்கே அழுத்துவது, எங்கே தளர்த்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். காகத்தின் முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தும் வேறு ஒலி என்பதே அதற்குத் தெரியாது, வாய் பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு விதியாகச் சொல்லலாம்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு நடுவிலும் மென்மை. ஆனால் அதற்கு முன் அந்தப் பிள்ளை தமிழ் பேச வேண்டும். மூன்று மாதம் எழுத்தே காட்டாமல் பேச்சு, பாட்டு, விளையாட்டு. பாடத்திட்ட அட்டவணை இதற்கு இடம் தராது என்று அவர் சொல்கிறார். தராதுதான். முதல் பருவத்தில் அவர்களை மட்டும் தேதி பார்த்து மதிப்பிடாமல் விடச் சொல்லி வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

நவம்பர் 3

ல, ள, ழ குழப்பம் பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள். 'பள்ளி'யைப் பார்த்து 'பல்லி' என்று வாசிக்கிற பிள்ளை குறைவு. சொன்னதைக் கேட்டு எழுதும்போதுதான் பள்ளி பல்லியாகிறது. அது எழுதுவதில் உள்ள சிக்கல். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.